ரைபிள் கேஸ் டிரிம் செய்யும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் காரணம் தேடுவது

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை, அதாவது கேஸை, மறுபடி ஏற்றிப் பயன்படுத்துவதுதான் ரீலோடிங். அந்த மேசையில் எது தப்பாகப் போனாலும் முதல் பழி, கேஸின் வாயை அளவுக்கு வெட்டும் டிரிம்மர் மேல்தான் விழும். நானும் ஒரு முறை நீளம் ஏறி இறங்குகிறது என்று நல்ல கட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். புதிதும் அதே மாதிரிதான் வெட்டியது. கடைசியில் பார்த்தால், கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல்ஹோல்டரின் பள்ளத்தில் நகத்துண்டு அளவுக்கு ஒரு பித்தளைச் சீவல் படிந்து கிடந்தது. கேஸ் ஒவ்வொன்றும் அதன் மேல் ஏறி உட்கார்ந்து, கொஞ்சம் தூக்கலாக நின்று வெட்டுப்பட்டிருக்கிறது. அன்றிலிருந்து காசு செலவில்லாத காரணங்களை முழுதும் தீர்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறேன். கீழே உள்ளதும் அந்த வரிசைதான். உங்கள் அறிகுறி எதுவோ நேராக அங்கே போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட்டுப் போங்கள்.

## எதையும் கழற்றும் முன்

இது சட்டப்படி ரீலோடிங் செய்ய அனுமதி உள்ளவர்களுக்கு. கேஸ் வேலை நடக்கும் மேசையில் வெடிமருந்து, பிரைமர் (கேஸின் அடியில் பொருத்தும் தீமூட்டி) பெட்டி, ஏற்றிய தோட்டா எதுவும் இருக்கக்கூடாது. இங்கே சொல்லும் சோதனைகள் எல்லாமே பிரைமர் எடுத்த வெற்றுக் கேஸில் செய்ய வேண்டியவை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கேஸைச் சுத்தம் செய்யும் டம்ளரின் தூளில் பிரைமர் கரியிலிருந்து வந்த ஈயம் கலந்திருக்கும். அதைத் திறந்த வெளியில் வைத்துச் சலியுங்கள், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சமையலறைப் பாத்திரமும் தொட்டியும் இந்த வேலைக்கு வேண்டாம்.

வேலையின் வரிசை இது: சுத்தம், எண்ணெய், சைசிங் (டை என்ற அச்சுக்குள் அழுத்திக் கேஸைப் பழைய அளவுக்கு ஒடுக்குவது), எண்ணெய் துடைப்பு, அளவு, டிரிம், பிசிறு எடுப்பு. பாதிக் கோளாறுகள் இந்த வரிசை புரண்டதால் வருபவை. சைசிங்குக்கு முன் அளந்த நீளம் செல்லாது. டை கேஸின் உடம்பை ஒடுக்கும்போது பித்தளை மேல்நோக்கி நகர்கிறது. கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை வெளியே வரும்போது கழுத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுகிறது.

அதிகம் புழங்கும் நான்கு அளவுகளை மேசைக்கு மேலே எழுதி ஒட்டிவிடுங்கள். முதலில் உள்ளது தாண்டக்கூடாத நீளம், அடுத்தது வெட்டி நிறுத்த வேண்டிய நீளம்.

- .223 ரெமிங்டன்: 44.70 மி.மீ., 44.45 மி.மீ.
- 6.5 கிரீட்மோர்: 48.77 மி.மீ., 48.51 மி.மீ.
- .308 வின்செஸ்டர்: 51.18 மி.மீ., 50.93 மி.மீ.
- .30-06: 63.35 மி.மீ., 63.09 மி.மீ.

இரண்டுக்கும் இடையில் கால் மில்லிமீட்டர்தான். அதை மீறி நீண்ட கேஸின் வாய், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் குழியான சேம்பரின் முனையில் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குண்டு சுலபமாகக் கழன்று போக முடியாமல் அழுத்தம் எகிறும். நீள விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

## அறிகுறி: ஒரே செட்டிங்கில் வெட்டியும் நீளம் மாறிக்கொண்டே இருக்கிறது

முதலில் ஒரே கேஸை எடுத்து ஐந்து முறை அளந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருப்பி வைத்து அளக்க வேண்டும். இங்கேயே பாதை இரண்டாகப் பிரிகிறது.

### அதே கேஸ், ஐந்து முறையும் ஐந்து அளவு

டிரிம்மரைத் தொடாதீர்கள். வெட்டியதும் வாயில் நிற்கும் பிசிறுதான் பெரும்பாலும் காரணம். பிசிறு எடுக்காமல் அளந்தால் காலிப்பர் பிசிறையும் சேர்த்துத்தான் சொல்லும். உள்ளேயும் வெளியேயும் லேசாகப் பிசிறு எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் மாறினால் காலிப்பரின் தாடைகளைத் துணியால் துடைத்து மூடி, பூஜ்யம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கேஸைத் தாடைகளுக்கு நடுவில் நேராக வைத்தீர்களா என்பதும் ஒரு கேள்வி. சாய்ந்தால் அளவு கூடும். பேட்டரி தளர்ந்த டிஜிட்டல் காலிப்பர் வாய் கூசாமல் பொய் சொல்லும், அதையும் மாற்றிப் பாருங்கள்.

### அளவு நிலையாக இருக்கிறது, ஆனால் கேஸுக்குக் கேஸ் வேறு

உங்கள் டிரிம்மர் கேஸின் எந்த இடத்தைப் பிடித்து நீளத்தைத் தீர்மானிக்கிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது.

அடியைப் பிடிக்கும் வகை என்றால், அதாவது லேத் மாதிரி கைப்பிடி சுற்றுவது என்றால், ஷெல்ஹோல்டரையோ காலட்டையோ கழற்றிப் பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்துவிடுங்கள். என் சீவல் அங்கேதான் இருந்தது. பிறகு கேஸின் அடியைப் பாருங்கள். கேஸை வெளியே தள்ளும் எஜெக்டர் அடித்த இடத்தில் பித்தளை மேடு தட்டியிருக்கலாம், அடியின் விளிம்பான ரிம்மில், கேஸை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் பிய்த்த பிசிறு இருக்கலாம், பழைய பிரைமர் எடுபடாமல் துருத்திக்கொண்டு நிற்கலாம். மூன்றில் எது இருந்தாலும் கேஸ் சாய்ந்துதான் உட்காரும். மெல்லிய அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தால் மேடு போய்விடும், அடியின் பரப்பைத் தேய்த்துவிடாதீர்கள்.

தோளை (உடம்பு கழுத்தாக ஒடுங்கும் சரிவை) பிடிக்கும் வகை என்றால், மோட்டாரில் ஓடும் பலவும் இந்த வகைதான், டிரிம்மரைக் குறை சொல்லிப் பயனில்லை. தோள் கேஸுக்குக் கேஸ் முன்பின்னாக இருந்தால் நீளமும் அதே அளவு ஏறி இறங்கும். சைசிங் டைக்குத் திரும்பிப் போங்கள். எண்ணெய் எல்லாக் கேஸுக்கும் ஒரே அளவாகப் பூசினீர்களா? பிரஸ் கைப்பிடியை ஒவ்வொரு தடவையும் கடைசி வரை இறக்கினீர்களா? பலரும் பத்துக் கேஸுக்கு அப்புறம் சோர்ந்துபோய் முக்கால்வாசியில் நிறுத்திவிடுவார்கள்.

### அளவு ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறது

முதல் கேஸ் சரி, இருபதாவது கொஞ்சம் நீளம், நாற்பதாவது இன்னும் நீளம் என்று போனால் பூட்டு வளையம் தளர்ந்து கட்டர் தண்டு பின்வாங்குகிறது. வளையத்தின் சிறு திருகை முடுக்குங்கள். அது நூல் தேய்ந்து வழுக்கினால் திருகை மட்டும் மாற்றினால் போதும்.

இவ்வளவுக்கும் பிறகும் ஏறி இறங்கினால், தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் தெரிகிற அளவுக்கு ஆட்டம் இருந்தால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. செலவு என்று ஒன்று வருவது இந்த இடத்தில்தான்.

## அறிகுறி: வாயின் ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்படுகிறது

புது மூட்டை கேஸில், முதல் தடவை வெட்டும்போது இது கோளாறே இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் வாய் எப்போதும் நேராக இருக்காது, உயர்ந்த பக்கத்தைக் கட்டர் முதலில் தொடுகிறது, அவ்வளவுதான். இரண்டாம் தடவையும் அதே பக்கம் பளபளத்தால் மட்டும் தேடுங்கள்.

வாய் நசுங்கியிருக்கிறதா? தரையில் விழுந்து மிதிபட்ட கேஸை சைஸ் செய்யாமல் டிரிம்மரில் போட்டால் இப்படித்தான் வரும். அடுத்தது பைலட், அதாவது கழுத்துக்குள் நுழைந்து கட்டரை நேராக நிறுத்தும் தண்டு. .30 காலிபர் கழுத்துக்குள் சிறிய பைலட்டைப் போட்டால் கழுத்து சுற்றும்போது தள்ளாடும். பைலட் தாராளமாக நுழைய வேண்டும், ஆனால் விரலால் அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. கேஸே வளைந்திருந்தால், கண்ணாடித் துண்டு மேல் உருட்டிப் பார்த்தாலே கழுத்து குதிப்பது தெரிந்துவிடும். அந்தக் கேஸை ஒதுக்கிவிடுங்கள்.

## அறிகுறி: வெட்டும்போது கிரீச்சிடுகிறது, வாய் அலை அலையாக வருகிறது

அழுத்தத்தைக் குறையுங்கள். பித்தளை தள்ளி வெட்டும் உலோகம் அல்ல, கட்டர் தன் எடையில் சீவ வேண்டும். மோட்டாரில் ஓட்டினால் வேகத்தையும் குறைக்க வேண்டும். பைலட் கழுத்துக்குள் உரசுகிறதா என்று ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள், சத்தம் நின்றால் கழுத்துக்குள் கரி இருக்கிறது என்று அர்த்தம். நைலான் பிரஷை உள்ளே விட்டுத் தேயுங்கள். கடைசியில் கட்டர் பல்லை வெளிச்சத்தில் பிடியுங்கள்: கூரான விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது, மழுங்கிய விளிம்பு வெள்ளைக் கோடாக மின்னும். மின்னினால் மாற்றுங்கள்.

## அறிகுறி: குண்டை உட்கார வைக்கும்போது செம்பு சுரண்டி வருகிறது

இது டிரிம் செய்ததற்கு அப்புறம் உள்பக்கச் சாம்ஃபர் (வாயின் விளிம்பைச் சரிவாகச் சீவுவது) எடுக்க மறந்ததால் வருவது, அநேகமாக எப்போதும். கருவியை வாயில் வைத்து இரண்டு மூன்று சுற்று, அழுத்தாமல். விரல் நகத்தை உள்ளிருந்து வெளியே இழுத்தால் தட்டக்கூடாது.

மறுபக்கமும் ஒரு தப்பு உண்டு. சிலர் வாய் கத்தி விளிம்பு போல் ஆகும்வரை சுற்றிவிடுவார்கள். அப்படிச் செய்தால் வாய் மடங்கும், பிளக்கும், அடுத்த டிரிம் சீக்கிரமே தேவைப்படும். வாயின் சுவரில் தட்டையான ஒரு கோடாவது மிச்சமிருக்க வேண்டும்.

சாம்ஃபர் சரியாக இருந்தும் சுரண்டினால், எக்ஸ்பாண்டர் உருண்டை தேய்ந்தோ சிறியதாகவோ இருக்கலாம், கழுத்து அளவுக்கு மேல் இறுகியிருக்கலாம். குண்டின் விட்டத்தைவிடக் கழுத்தின் உள்விட்டம் 0.03 முதல் 0.08 மி.மீ. வரை குறைவாக இருந்தால் போதும்.

## அறிகுறி: கேஸ் டைக்குள் சிக்கிக்கொண்டது

எண்ணெய் போதவில்லை. இதற்கு வேறு காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கேஸ் மேலே ஏறும்போது கை கனத்தால், அங்கேயே நிறுத்தித் திரும்ப இறக்கியிருக்க வேண்டும். முழு பலத்தையும் போட்டு ஏற்றினால் இறக்கும்போது ரிம் பிய்ந்து, கேஸ் டைக்குள் தங்கிவிடும்.

சுத்தியலால் தட்டாதீர்கள். பிரைமர் தள்ளும் தண்டை மேலே எவ்வளவு முடியுமோ அவ்வளவு தளர்த்துங்கள். சிக்கிய கேஸ் எடுக்கும் கிட் ஒன்று உண்டு, விலை அதிகமில்லை. பிரைமர் குழி வழியாகத் துளையிட்டு, நூல் போட்டு, வாஷரும் போல்டும் வைத்து முடுக்கினால் கேஸ் மெதுவாக இறங்கி வரும். துளையிடும் பிட் தண்டில் முட்டுகிறதா என்பதில் மட்டும் கவனம். வந்த பிறகு டையின் உள்சுவரில் விரலை விட்டுப் பாருங்கள். பித்தளை ஒட்டியிருந்தால் மெருகேற்றலாம், கீறல் தட்டினால் டை தயாரிப்பாளருக்குத்தான் அனுப்ப வேண்டும்.

எண்ணெய் அதிகமானால் வேறொரு கதை: தோளில் பள்ளம் விழும். அடைபட்ட எண்ணெய்க்குப் போக வழியில்லாமல் அது பித்தளையை உள்ளே தள்ளுகிறது. டையில் இருக்கும் காற்றுத் துளையைக் குத்தி விடுங்கள், தோள் பக்கம் எண்ணெய் பூசாதீர்கள். மேலோட்டமான பள்ளம் அடுத்த முறை சுடும்போது தானாக நிமிர்ந்துவிடும். கூர்மையாக மடிந்ததை வைத்துக்கொள்ள வேண்டாம்.

## அறிகுறி: கழுத்தில் வெடிப்பு

ஒன்றிரண்டு கேஸில் என்றால் வயது. பல தடவை சுட்டு, ஒடுக்கி, விரித்து, பித்தளை கெட்டிப்பட்டுவிட்டது. அவற்றை நசுக்கிப் பழைய பித்தளையோடு போடுங்கள். நசுக்காமல் போட்டால் யாராவது பொறுக்கிக்கொண்டு போய் ஏற்றிவிடுவார்கள்.

ஒரே மூட்டையில் பாதிக்கு மேல் வெடித்திருந்தால், இதுவரை கழுத்தைச் சூடாக்கி இளக்கியிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். இளக்குவது கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும். கழுத்தின் உள்பக்கம் 400 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும் வெப்பக் குறிப்பு மையைத் தடவிக்கொண்டு, சுடரில் சுழற்றி, மை உருகியதும் எடுத்துவிட வேண்டும். தண்ணீரில் போடுவது பித்தளையைக் கெட்டியாக்காது, சூடு கீழே பரவாமல் தடுக்கத்தான் அது. கேஸின் அடி ஒருபோதும் இளகக்கூடாது. அழுத்தத்தைத் தாங்குவதே அந்த இடம்தான், இளகினால் திரும்பக் கெட்டியாக்க வழியில்லை. சூடு எங்கே வரை போனது என்று சந்தேகம் வந்த கேஸையும் நசுக்கிவிடுங்கள்.

புதுக் கேஸே வெடிக்கிறதா? எதைப் போட்டுப் பளபளப்பாக்கினீர்கள் என்று பாருங்கள். அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷ் கேஸுக்கு விஷம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலம் முழுக்கக் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் தானாக வெடிப்பு விட்டு, ராணுவத்தையே குழப்பியிருக்கின்றன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் பித்தளையை இழுத்து உருவாக்கும்போது உள்ளே தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல்தான் விளக்கம் கிடைத்தது. பித்தளைப் பாத்திரம் பளபளக்க வைக்கும் திரவத்தை அதனால்தான் நான் அந்த அறைக்குள்ளேயே விடுவதில்லை.

## அறிகுறி: பிரைமர் தொல்லைகள்

தள்ளும் ஊசி வளைகிறது, உடைகிறது. கேஸின் வாய் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு துளைக்குப் பதில் ஓரமாக இரண்டு துளை தெரிந்தால் அது பெர்டன் கேஸ், இந்த ஊசிக்கு உரியது அல்ல. ஒரு துளைதான் என்றால் உள்ளே கூழாங்கல்லோ, வேறொரு சின்னக் கேஸோ மாட்டியிருக்கும்.

பிரைமர் உள்ளே போக மறுக்கிறது. குழியில் கரி இருக்கிறதா பாருங்கள், சுரண்டுங்கள். ராணுவக் கேஸ் என்றால் குழியின் விளிம்பைச் சுற்றி அழுத்திய வளையம் தெரியும். அதை ரீமரால் ஒரு தடவை எடுத்துவிட்டால் கேஸின் ஆயுள் வரைக்கும் போதும். அதிகம் எடுத்தால் பிரைமர் தளரும், ஆகவே வளையம் போனதும் நிறுத்துங்கள்.

பிரைமர் மேலே துருத்தி நிற்கிறது. அடியின் மட்டத்துக்கு 0.08 முதல் 0.13 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். துருத்திய பிரைமர் தானியங்கித் துப்பாக்கியில் போல்ட் (சேம்பரின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) மூடும்போதே வெடிக்கலாம். ஏற்றிய தோட்டாவில் இதைக் கண்டால் அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், பிரித்துவிடுங்கள்.

பிரைமர் தளர்வாக நுழைகிறது. விரலால் தள்ளினாலே போனால் அந்தக் கேஸ் முடிந்தது. சில தடவை மட்டுமே சுட்ட கேஸ்கள் கூட்டமாக இப்படி ஆனால், கேள்வி கேஸைப் பற்றியதே அல்ல, அழுத்தம் அதிகம். ரீலோடிங் கையேட்டில் உள்ள அளவோடு உங்கள் அளவை ஒப்பிட்டுப் பார்க்கும்வரை சுடுவதை நிறுத்துங்கள்.

தூள் தங்கிய துளை. சோளத்தண்டு, வால்நட் ஓடு போட்டு உருட்டினால், பிரைமரின் தீ உள்ளே போகும் பிளாஷ் துளையில் ஒரு துணுக்கு மாட்டிக்கொள்ளும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர குறுக்கு வழி இல்லை.

## அறிகுறி: நீளம் சரி, ஆனால் போல்ட் மூடவில்லை

கறுப்பு மார்க்கரால் தோள், கழுத்து, உடம்பின் அடிப்பகுதி மூன்றிலும் பூசி, அந்த வெற்றுக் கேஸை சேம்பரில் விட்டு போல்ட்டை மெதுவாக மூடித் திறங்கள். எங்கே மை உரிந்து பித்தளை தெரிகிறதோ அதுதான் இடம்.

தோளில் உரிந்தால் டை போதிய அளவு இறங்கவில்லை. கேஸ் டைக்குள் இருக்கும்போது பிரஸ் உச்சியில் ஷெல்ஹோல்டருக்கும் டைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். டையை ஒரு முழுச் சுற்று சுற்றினால் 1.8 மி.மீ. இறங்கும், ஆகவே பதினாறில் ஒரு பங்கு சுற்று என்பதே 0.11 மி.மீ. ஆகிவிடும். அவசரப்பட்டுக் கால் சுற்றுச் சுற்றாதீர்கள். போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கிக்குத் தோள் 0.025 முதல் 0.05 மி.மீ. பின்வாங்கினால் போதும், தானியங்கிக்கு 0.08 முதல் 0.13 வரை. அதைவிட அதிகம் தள்ளுவதால் வரும் கேடு கடைசி அறிகுறியில் இருக்கிறது.

அடிப்பகுதியில் உரிந்தால், அந்தக் கேஸ் அகன்ற வேறொரு சேம்பரில் சுடப்பட்டது. பொறுக்கிய கேஸில் இது சகஜம். அடி வரை ஒடுக்கும் ஸ்மால் பேஸ் டை ஒன்று தேவைப்படும், இல்லையென்றால் ஒதுக்கிவிடலாம்.

கழுத்தில் உரிந்தால் கழுத்துச் சுவர் தடித்திருக்கிறது. சுட்ட கேஸின் வாயில், சைஸ் செய்யும் முன், குண்டை விரலால் போட்டால் தாராளமாக இறங்க வேண்டும். தோளை நெருங்கும்போது ஓர் இடத்தில் தட்டி நின்றால் அங்கே பித்தளை வளையமாகக் கூடியிருக்கிறது, உள்கழுத்து ரீமரால் எடுக்கலாம். வாயிலேயே நுழையவில்லை என்றால் அந்தக் கேஸை ஏற்ற வேண்டாம், கழுத்தைச் சீவி மெலிப்பது தனி வேலை.

எங்கும் உரியவில்லை, ஆனாலும் போல்ட் கனக்கிறது என்றால் ரிம்மில் பிசிறு. இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே தோன்றும், எனக்கும் ஒவ்வொரு முறையும் தோன்றும்.

தொழிற்சாலைத் தோட்டாவுக்கும் போல்ட் மூட மறுத்தால், துப்பாக்கியைக் கன்ஸ்மித்திடம் எடுத்துச் செல்லுங்கள். சேம்பரை நீங்களே உரசிப் பார்க்காதீர்கள்.

## அறிகுறி: அடிக்கு மேலே பளபளப்பான வளையம்

அடியிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், உடம்பைச் சுற்றி மெல்லிய வெளிர் கோடு. சைசிங் டை உரசிய தடமும் அந்தப் பக்கத்தில் வரும் என்பதால் பயந்துவிட வேண்டாம், சோதித்துப் பாருங்கள்.

பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியை இரண்டு மி.மீ. அளவுக்கு வளைத்துக் கூராக்கிக்கொள்ளுங்கள். கேஸுக்குள் அடி வரை விட்டு, சுவரோடு ஒட்டி மெதுவாக மேலே இழுங்கள். வழவழவென்று வந்தால் வெளியே தெரிந்தது டை தடம்தான். ஓர் இடத்தில் நுனி 'டக்'கென்று பள்ளத்தில் விழுந்து ஏறினால், அங்கே சுவர் உள்ளிருந்து மெலிந்துவிட்டது. அடுத்த சூட்டில் கேஸ் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி சேம்பரில் தங்கலாம், சூடான வாயு முகத்தை நோக்கிப் பின்னால் வரலாம்.

அந்தக் கேஸை நசுக்குங்கள். அதோடு சேர்ந்து ஏற்றிய அதே மூட்டை முழுவதையும் கிளிப் போட்டுப் பாருங்கள், ஏற்றி முடித்தவற்றைப் பிரித்தும் பாருங்கள்.

இரண்டில் ஒன்றுதான் காரணம். நீங்கள் தோளை அளவுக்கு மீறிப் பின்தள்ளியிருக்கிறீர்கள், அல்லது துப்பாக்கியின் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கும் சேம்பரின் தோளுக்கும் உள்ள தூரம்) விரிந்துவிட்டது. முதலாவதை டையைச் சற்று மேலே ஏற்றி நீங்களே சரிசெய்யலாம். புதிய தொழிற்சாலைத் தோட்டா ஒரே தடவை சுட்டதிலும் கிளிப் பள்ளத்தில் விழுந்தால் அது இரண்டாவது. அந்தத் துப்பாக்கியை அன்றோடு பூட்டி வையுங்கள். கோ, நோ-கோ கேஜ் போட்டு அளக்கும் கன்ஸ்மித்திடம், சுட்ட கேஸ் நான்கைந்தையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.